சொல்லைத் தட்டாத தட்டான்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் சாதித்தது, பம்பாய் செம்பூரில் ‘தும்பிப் பட நேயர் பேரவை’யைத் தொடங்கியதுதான். அதன் செயலாளர் நான் என்பதை அடக்கத்தோடு கடைசியில் சொல்லலாம் என்றிருந்தேன். முடியவில்லை.

தும்பிகளை அவற்றின் ‘இயற்கைச் சூழலில்’ மிக நெருங்கிப் படமெடுப்பது பேரவையின் லட்சியம். தலைவர் வைத்தீஸ்வரன் எடுக்கும் படங்களில் தும்பியின் முகத்து ரோமத்தைக்கூட எண்ணலாம். எந்தத் தும்பியும் அவர் முன் அசைந்ததில்லை. “தட்டான் என் சொல்லைத் தட்டாது” என்பார். கூட்டக் குறிப்பேட்டில் ‘பலத்த சிரிப்பு’ என்று பதிவு செய்வேன்.

இந்த ஆண்டுப் போட்டிக்குப் பரிசு, ஒரு கேமரா. தாராவியிலிருந்து ரஷீதா என்ற பெண் படம் அனுப்பியிருந்தாள். பை தைக்கும் பட்டறையில் வேலை. ஞாயிறு மட்டும் விடுமுறை. ஏழு ஞாயிறு விடியற்காலையில் பஸ் பிடித்து டிராம்பே சதுப்புக்குப் போய், முழங்கால் சேற்றில் நின்று, செல்போனில் சின்ன லென்ஸ் ஒன்றை மாட்டி எடுத்த படம். கோரைத் தண்டில் சிவப்புத் தும்பி. கண்ணெல்லாம் பனித்துளி.

எங்கள் குடியிருப்பின் சொசைட்டி ஹாலில் விசாரணை, மன்னிக்கவும், பரிசளிப்பு நடந்தது.

“என்னம்மா இது, பின்னாடி புகைபோக்கி தெரியறதே?” என்றார் தலைவர்.

“அது அங்கதான சார் இருக்கு? நான் எங்க கொண்டுபோயி வைக்க?” என்றாள் ரஷீதா.

“இறக்கை வேற கிழிஞ்சிருக்கு.”

“குருவி கொத்திருக்கும் சார். ஆனாலும் பறந்துச்சு. திரும்ப அதே தண்டுலயே வந்து உக்காந்துச்சு. அதுக்குத்தான அம்புட்டு நேரம் நின்னேன்!”

சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது. ‘ஒழுங்கீனம்’ என்று குறித்துக்கொண்டேன்.

அவளுடைய படம் ‘இயற்கைக்கு முரணானது’ என்று தள்ளுபடியானது. முதல் பரிசு தலைவருக்கு. நடுவரும் அவரே என்பதால் கருத்து வேறுபாடு எழவில்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் தலைவரின் மனைவி அகிலாண்டம் ஒரு டப்பாவோடு உள்ளே வந்தார்.

“ஏன்னா, ஃப்ரிட்ஜ்ல தயிர் பக்கத்துல பூச்சியை வெக்காதேங்கோன்னு எத்தனை தடவை சொல்றது? நாலுல ஒண்ணு செத்தே போயிடுத்து. இந்தப் பசை வேற, மூடியெல்லாம் ஒட்டிண்டு!”

ஹால் உறைந்தது. பேரவையின் மானம் என் கையில். எழுந்தேன்.

“குளிரும் இயற்கைதான். இமயமலையில் இல்லாத குளிரா?”

மறுபடியும் கைதட்டல்.

ரஷீதா மட்டும் தட்டவில்லை. டப்பாவை வாங்கி, உயிரோடிருந்த மூன்றையும் உள்ளங்கையில் ஏந்தி, ஜன்னல் வெயிலில் நீட்டினாள். சற்று நேரத்தில் இறக்கைகள் நடுங்கத் தொடங்கின.

“அசையாதே!” என்று தும்பிகளுக்கு உத்தரவிட்டார் தலைவர்.

“பம்பாய்த் தட்டான் சார். ஹிந்தில சொல்லிப் பாருங்க” என்றாள்.

இரண்டு பறந்துவிட்டன. மூன்றாவதன் கால்களில் பசை. அதைத் துப்பட்டா நுனியில் பத்திரமாக ஏற்றிக்கொண்டு, பங்கேற்புச் சான்றிதழைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

அன்று மாலையே அவசரக் கூட்டம் கூட்டி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். முன்மொழிந்தவர் தலைவர், வழிமொழிந்தவன் நான்: ‘இயற்கையின் கண்ணியத்தைக் காக்கும்பொருட்டு, அடுத்த ஆண்டு முதல் உயிருள்ள தும்பிகள் போட்டியில் அனுமதிக்கப்படமாட்டா.’