இங்கிலாந்தில் நான் மடித்த போர்வை மூலை

லாச்சப்பல், பாரிஸ்
செவ்வாய்க்கிழமை

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க மடுத்தீன் மாமா அவர்கட்கு,

தங்கள் மருமகள் ஷிரோமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். லண்டனில் தாங்களும் மாமியும் அதைவிட நல்ல நிலையில் இருப்பீர்கள் என நம்புகிறேன். சென்ற சனிக்கிழமை தங்களை இடுப்பு அசையவிடாமல் வீட்டோடு படுக்கவைத்த நாரிப்பிடிப்பு முற்றாக நீங்கவேண்டும் என்றும், அப்படியொன்று இருக்கவேயில்லை என்றால் இனியாவது வரவேண்டும் என்றும் மடுமாதாவை மன்றாடுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு சொல் பேசுவதற்குள் நீங்கள் இருபது பேசுவீர்கள். கடிதத்துக்குள் உங்களால் குறுக்கே வரமுடியாது. அதனால் வேலை முடிந்த கையோடு தேத்தண்ணிக் கடையின் மூலை மேசையில் குந்தியிருந்து எழுதுகிறேன். விஷயம் இதுதான். மாப்பிள்ளை டெனிஸ்டன் வீட்டாருக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் சொல்லுமுன் நீங்கள் சொல்லிவிடுங்கள். அதுதான் எனக்கு மிச்சமிருக்கிற ஒரே மரியாதை.

நடந்தது உங்களுக்குப் பாதி தெரியும், பாதி நீங்களே செய்தது. லண்டன் மாப்பிள்ளை வீட்டார் கடல் தாண்டி வரமாட்டார்கள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுப் படியேற அம்மா மாட்டா. ஊரிலென்றால் மடுத் திருவிழாவில் இரண்டு பகுதியும் 'தற்செயலாக'ச் சந்திக்கும். பொம்பிளை பார்த்ததுமாகும், பிடிக்காவிட்டால் பூசை கண்டதாவது மிஞ்சும். இங்கே அதற்கு லூர்து மாதா இருக்கிறா. ஆனால் மாப்பிள்ளையின் தாய் றெஜினா அன்ரி மன்னாரில் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவ, அந்தப் பெரிய நாடக ஆசிரியர் பிறந்த ஊரை ஒருக்கால் பார்க்க ஆசைப்படுகிறா என்று, மாதாவின் இடத்தில் நானூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஓர் இங்கிலீஷ்காரரை வைத்தவர் நீங்கள். பிறகு கடைசி நேரத்தில் நாரியைப் பிடித்துக்கொண்டு படுத்தவரும் நீங்கள்.

விடிய வெள்ளென கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி, லண்டனில் இறங்கி, வேறொரு ரயிலில் இன்னும் இரண்டு மணித்தியாலம் போய் ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கினோம். அம்மாவின் பையில் அறுபது மீன் கட்லற். ஆறு, அன்னங்கள், கறுப்பும் வெள்ளையுமாகக் கோணி நிற்கிற மரவீடுகள். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு சனம் வந்து போகுது, வீட்டை நிமித்திக் கட்ட ஒருத்தருக்கும் ஏலாதோ?" என்றா. நான் சொன்னேன், கோணல் வீடு இவையளிட்டை இருந்தால் வரலாறு. எபினேயிலை நாங்கள் இருக்கிற கட்டிடத்தின்ரை லிப்ற் ரெண்டு வருசமா வேலை செய்யேல்லை, அதை ரிக்கெற் எடுத்துப் பாக்க ஒருத்தரும் வாறேல்லை எண்டு. அம்மா, "உந்த வாயை இண்டைக்கு ஒரு நாளைக்கு மூடி வை" எண்டா.

ஆற்றங்கரையிலை றெஜினா அன்ரியும் டெனிஸ்டனும் நிண்டவை. அம்மா பாரிசிலை இருந்தே பாடமாக்கிக்கொண்டு வந்த வசனத்தை எடுத்துவிட்டா: "அட, நீங்களும் இஞ்சையோ!" றெஜினா அன்ரி நெஞ்சிலை கையை வைச்சு, "என்ன புதினமப்பா!" எண்டா. அந்த ஊர் நானூறு வருசத்திலை இதைவிட மோசமான நடிப்பைப் பாத்திருக்காது.

இனி அந்தப் பொய்க்கு வாறன். நான் ஹோட்டலிலை கட்டில் விரிக்கிறவள். ஒரு நாளைக்குப் பதினாலு அறை, ஏழு வருசம். நீங்களும் அம்மாவும் சேர்ந்து அதை 'ஹோட்டல் நிர்வாகம்' ஆக்கிவிட்டியள். உங்களிலை பிழை சொல்லேலாது, அது எங்கட குடும்ப வழக்கம். அம்மா இருபது வருசம் கந்தோர் கந்தோரா நிலம் துடைச்சுப்போட்டு ஊருக்கு 'ஒப்பீசிலை வேலை' எண்டு எழுதினவ. நீங்கள் பெற்றோல் செற்றிலை நிண்டுகொண்டு 'எண்ணெய்க் கம்பனி' எண்டனீங்கள். ஆனால் மாமா, நான் ஆர்? தொழிற்சங்கக் கூட்டத்திலை மைக்கைப் பறிச்சு, "எங்கட வேலையிலை எங்களுக்கு வெட்கம் இல்லை!" எண்டு கத்தினவள். போன வருசம் வேலைநிறுத்தத்திலை ஹோட்டல் வாசலிலை மூண்டு கிழமை சட்டி தட்டினவள். அதே நான் வெள்ளிக்கிழமை போய், துப்புரவு மருந்திலை வெந்துபோன விரலுக்கு மேலை பொய் நகம் ஒட்டிக்கொண்டு வந்தன். ரோசாப்பூ நிறத்திலை. அதைப் போட்டுக்கொண்டு கோப்பையைத் தூக்கவே எனக்குத் தெரியேல்லை.

முதல்லை அங்கை ஒரு தேத்தண்ணிக் கடை. றெஜினா அன்ரி கேட்டா, "பிள்ளை ஹோட்டலிலை என்ன பகுதி?"

அம்மா முந்திக்கொண்டா: "நிர்வாகம். இவளில்லாட்டி அங்கை ஒரு அறை திறவாது."

பொய்யில்லைத்தானே. நானும் தலையாட்டினன். "ஓம் அன்ரி, பதினாலு அறை என்ரை பொறுப்பு." சட்டி தட்டின அதே வாய்.

"எங்கட தம்பி மெடிக்கல் சைட்" எண்டா அன்ரி. டெனிஸ்டன் நிமிரவேயில்லை. பணிசிலை ஜாம் பூசிக்கொண்டிருந்தார். டொக்டர்மாருக்கு எங்களோடை கதைக்கப் பஞ்சி எண்டு நினைச்சன். எனக்கு அவரைப் பிடிக்கேல்லை. காதுதான் கொஞ்சம் வடிவு.

நாடகக்காரர் பிறந்த வீட்டு வாசலிலை பெரிய வரிசை. அம்மாவின்ரை முழங்கால் மறுத்துப்போட்டுது. அதாலை பின் ஒழுங்கையிலை, அதே காலத்து வேறை வீடு ஒண்டைக் காட்சிக்கு வைச்சிருந்தினம், அதுக்குள்ளை போனம். மேல்மாடியிலை பெரிய மரக்கட்டில், சிவப்புப் போர்வை, குறுக்கே கயிறு. அம்மா கட்டிலுக்கு முன்னாலை சிலுவை போட்டுக் கும்பிட்டா. "அக்கா, இது அவரின்ரை கட்டில் இல்லை" எண்டு றெஜினா அன்ரி மெல்லமாச் சொன்னா. எமிலி எண்டு சட்டையிலை பேர் குத்தின ஒரு பெட்டை, பழைய காலத்து வெள்ளைத் தொப்பியோடை, விளக்கம் சொல்லிக்கொண்டு நிண்டவள். அந்த நாடக ஆசிரியர் உயிலிலை மனுசிக்குத் தன்ரை இரண்டாவது நல்ல கட்டிலை எழுதி வைச்சவராம். அன்ரி அதை அம்மாவுக்குத் தமிழிலை சொன்னா.

"அப்ப முதலாவது கட்டில் ஆருக்கு?" எண்டு அம்மா.

"அது சரியாத் தெரியாது அக்கா."

"மற்றது சீதனத்திலை வந்ததாயிருக்கும். அவளின்ரையை அவளிட்டையே திருப்பிக் குடுத்திருக்கிறான். நல்ல மனுசன்."

நான் சிரிக்கேல்லை. ஏனெண்டால் என்ரை கண் அந்தக் கட்டிலின்ரை கால்மாட்டிலை நிண்டுது. இடது மூலையிலை போர்வை வெளியிலை தொங்குது. எங்கட மேற்பார்வைக்காரி கண்டால் அறையையே திருப்பிச் செய்யச் சொல்லுவாள். பாக்காதை, பாக்காதை எண்டு எனக்கு நானே சொன்னன். மற்றப் பக்கம் திரும்பினன். திரும்பின இடத்திலை சுவரிலை கண்ணாடி, அதுக்குள்ளையும் அந்த மூலை. பிறகு என்ன நடந்ததெண்டு என்னைக் கேக்காதேங்கோ, கையைக் கேளுங்கோ. கயிற்றுக்கு மேலாலை எட்டி, இடக்கையாலை மெத்தையைத் தூக்கி, வலக்கையாலை மூலையை மடிச்சுச் செருகி, உள்ளங்கையாலை ஒருக்கால் நீவி, போதாக்குறைக்குத் தலையணைக்கும் ரெண்டு தட்டு. கீ கீ எண்டு மணி அடிச்சுது. நான் நிமிர்ந்து, இங்கிலாந்திலை நிண்டுகொண்டு, பிரெஞ்சிலை "பார்தோன் மெசியே" எண்டு மன்னிப்புக் கேட்டன். அங்கை எங்கட ஹோட்டல் மெசியே ஒருத்தரும் இல்லை. ஒரு பொய் நகம் போர்வையிலை ஒட்டிக்கொண்டு நிண்டுது.

எல்லாரும் பாத்தினம். றெஜினா அன்ரி மகன்ரை மணிக்கட்டை எட்டி இறுக்கிப் பிடிச்சா. என்னட்டை இருந்து பிள்ளையைக் காப்பாத்திறா எண்டு விளங்கிச்சுது. எமிலி ஓடி வந்து, "தொடக்கூடாது" எண்டு தொடங்கினவள், மூலையைப் பாத்திட்டு நிண்டுவிட்டாள். பிறகு சிரிச்சுக்கொண்டு இங்கிலீசிலை கேட்டாள், "நீங்கள் ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவரா? நானும் படிக்கிற காலத்தில் ரெண்டு கோடை செய்தேன். எனக்கு இந்த மூலை ஒருநாளும் சரிவரவில்லை."

முப்பது வருசம் ஆங்கிலம் படிப்பிச்சவவுக்கு ஒரு எழுத்தும் தப்பியிருக்காது. அம்மாவுக்கு ஒரு எழுத்தும் விளங்கேல்லை. பெட்டை சிரிக்கிறாள், மகளைப் புகழுறாள், அவ்வளவுதான் அவ கண்டது. நெஞ்சை நிமித்திக்கொண்டு, "யெஸ்! யெஸ்! மை டோட்டர்! வெரி குட்!" எண்டு எமிலிக்கு ரெண்டு கட்லற் எடுத்து நீட்டினா.

ஸ்ரேசனிலை றெஜினா அன்ரி என்ரை முகத்தைப் பாக்காமல், "யோசிச்சுச் சொல்லுறம்" எண்டா. அவவின்ரை முகம் கறுத்திருந்தது. ரயிலிலை நான் நடந்ததைச் சொல்ல, அம்மா பாரிஸ் வரைக்கும் அழுதா. "உன்ரை கையைக் கட்டிப்போட்டுக் கூட்டிக்கொண்டு வந்திருக்கோணும்." ஞாயிறு பூசையிலை ஆரிட்டையோ சொல்லியும் போட்டா. திங்கட்கிழமை மீன்கடை அண்ணை விளைமீன் வெட்டிக்கொண்டே கேக்கிறார், "தங்கச்சி, உமக்கு இஞ்சை கட்டில் காணாதெண்டு இங்கிலாந்துக்குப் போய் விரிச்சனீராம்?"

என்ரை முப்பது வயசு வாழ்க்கையிலை நான் செய்த ஒரே நேர்மையான காரியம் அந்த மூலையை மடிச்சதுதான், மாமா. அதுவும் நான் செய்யேல்லை, கை செய்தது. வாய் தேத்தண்ணிக் கடையிலையே தோத்துப்போச்சு. எனக்கு அதுதான் கொதி, அன்ரியிலை இல்லை.

ஆகவே தாங்கள் தயவுசெய்து இந்தப் பேச்சை இத்துடன் நிறுத்திவிடவும். இனிமேல் எவரையும், எந்த ஊரிலும், எந்தப் பெரிய மனிதரின் வாசலிலும் 'தற்செயலாக'ச் சந்திக்க நான் தயாரில்லை. மெடிக்கல் சைட் ஆட்களை அறவே தயாரில்லை. மாமிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். தங்கள் முதுகெலும்பு நேராகவும், சொல்லும் அவ்வண்ணமே நேராகவும் இருக்க இறைவன் அருள்வாராக.

தங்கள் கீழ்ப்படியாத மருமகள்,
ஷிரோமி

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகேக்கை போனிலை ஒரு செய்தி வந்தது. என்ரை நம்பரை நீங்கள்தான் குடுத்திருக்கிறியள், அதுக்குத் தனியாகக் கோவிப்பன். செய்தி இதுதான்: "அந்தக் கட்டிலின்ரை வலது மூலையும் குழம்பித்தான் கிடந்தது. நீங்கள் கவனிக்கேல்லை. நான் எட்டினன், அம்மா கையைப் பிடிச்சிட்டா. டெனிஸ்டன்."

திருப்பிக் கேட்டு எழுதினன். மெடிக்கல் சைட் எண்டது ஆஸ்பத்திரி வார்ட்டிலை கட்டில் விரிக்கிறதாம், மாமா. விடியக் காலமை இருபத்தாறு கட்டில். அன்ரியின்ரை முகம் கறுத்தது எனக்காக இல்லையாம். மகனும் மாட்டுப்படப் போறான் எண்ட பயமாம். மேலே எழுதினதெல்லாம் சரி. வேண்டாம் எண்டு சொல்லச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டிவிட்டு வாசியுங்கோ. அவர் வார்ட்டிலை தான் மடிச்ச ஒரு மூலையைப் படம் பிடிச்சு அனுப்பியிருக்கிறார். மடிப்புப் பிழை, கோணம் பிழை, ஆனால் திருத்தலாம். வாற ஞாயிறு அவரே கடல் தாண்டி லாச்சப்பலுக்கு வாறாராம், மூலை மடிக்கப் பழக. என்ரை அம்மாவும் கூட வரப்போறன் எண்டு நிக்கிறா. உங்கட நாரிப்பிடிப்பை ஒரு நாளைக்கு அவவுக்குக் குடுத்துவிடுங்கோ.