நாற்பதாவது வழக்கு

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கு உடம்புக்கு எல்லோரும் சௌக்கியம். அங்கு நீங்களும் அக்காவும், இந்தக் கடிதத்தைப் படிக்கும் வரையிலாவது, சௌக்கியமாக இருப்பீர்கள். இதைக் கொண்டுவந்து நீட்டியவர் சம்மன் கொடுக்கும் எங்கள் கோர்ட் அமீனா. அவர் கையில் இன்னொரு தாளும் இருக்கும். அதை இப்போது பிரிக்காதீர்கள். முதலில் நாயைக் கட்டிவிட்டு அவருக்குத் தண்ணீர் கொடுங்கள். தப்பு முழுக்க என்னுடையது.

எங்கள் கிராமத்துக் கோர்ட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு கூடம், ஒரு பதிவறை, நீதிபதி அம்மா, அமீனா, எழுத்தராகிய நான். வெயில் காலத்தில் வேலித் தகராறு, மழைக்காலத்தில் ஓட்டுத் தண்ணீர் யார் வாசலில் விழுவது என்ற தகராறு, நடுவில் ஆடு மேய்ந்தது, நாய் கடித்தது. வருஷக் கடைசியில் நான் பதிவறையில் ஏணி போட்டு ஏறி, கட்டுகளை இறக்கி எண்ணி, ஆண்டறிக்கை எழுதுவேன். இந்த வருஷம் மேலிடத்து உத்தரவு ஒன்று வந்தது. நாற்பது வழக்குக்குக் குறைந்தால் கோர்ட்டை மூடி டவுனோடு சேர்த்துவிடுவார்களாம். எண்ணினேன், முப்பத்தொன்பது. மூன்று தடவை எண்ணியும் முப்பத்தொன்பதேதான். இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன வந்ததோ, இந்த வருஷம் பார்த்து ஒற்றுமையாக இருந்து தொலைத்துவிட்டார்கள். வருஷம் தவறாமல் சலூன்காரர்மேல் வழக்குப் போடும் தையல்காரரிடம் போய், "என்னண்ணே, இந்த வருஷம் ஒண்ணுமில்லையா?" என்று கேட்டேன். "அட போப்பா, அவரு இப்ப எனக்குச் சம்பந்தி" என்று சிரிக்கிறார். எனக்கு அழுகை வந்தது. கோர்ட் போய்விட்டால் ஒரு வேலிச் சண்டைக்குக்கூட ஜனங்கள் இரண்டு பஸ் மாறவேண்டும். அமீனாவுக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் இருக்கிறது, அவரைத் தூக்கி எந்த மூலையில் போடுவார்களோ. ஆபத்துக்குப் பாவமில்லை என்று நினைத்துவிட்டேன், அத்தான். மூன்று வருஷத்துக்கு முன்பு நீங்கள் இரவல் வாங்கிப்போன மூங்கில் ஏணி ஞாபகத்துக்கு வந்தது. உங்கள்மேல் வழக்குப் போட்டுவிட்டேன்.

பதிவு செய்த கையோடு ராசியாகிவிட்டது என்று எழுதி முடித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். நீதிபதி அம்மா விடவில்லை. "வாதியக் கூப்பிடுங்க" என்றார். அமீனா வெளியே போயிருந்ததால் கூப்பிடவேண்டியவனும் நானே. வாசலுக்குப் போய் என் பெயரை மூன்று தடவை கூவிவிட்டு, ஓடிவந்து கூண்டில் ஏறினேன். பிரமாணம் வாசிக்கவேண்டியவனும் நானே. ஒரு வரி வாசித்தேன், அதையே திருப்பிச் சொன்னேன், நடுவில் நாக்குக் குழறியது. பெஞ்சில் இருந்த நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஏணிக்கு அடையாளம் இருக்கா?"

"இருக்கும்மா. நாலாவது படி உடைஞ்சு, கம்பி போட்டுக் கட்டியிருக்கும்."

"பிரதிவாதி உங்களுக்கு உறவா?"

"அக்கா வீட்டுக்காரருங்க."

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரு ஏணிக்கா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். இருபத்திரண்டு வருஷமாக ஊரிடமெல்லாம் உண்மை பேசச் சொல்லிச் சத்தியம் வாங்கியவன் நான். வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என் கல்யாணத்தை முன்னின்று நடத்திவைத்தவர் நீங்கள். இனி எந்த முகத்தோடு உங்கள் வாசற்படி ஏறுவேன்? வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து, "ஆமா, வாங்கினேன், குடுத்துடறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அக்காவுக்குத் தெரியவேண்டாம். தெரிந்துவிட்டால், நான் ஊரில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்குத் தூரத்திலிருந்தே என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். மாமனைப் போல ஆகிவிடாமல் நன்றாக இருக்கட்டும்.

தலைகுனிந்து நிற்கும்
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அமீனா சம்மனைப் படித்துவிட்டு, "இந்த ஏணியா? அடுத்த வாரமே அவரு இங்க கொண்டாந்து குடுத்துட்டாரே! நீங்கதான பதிவறையில சாத்தி வைக்கச் சொன்னீங்க?" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். நாலாவது படியில் கம்பி. மூன்று வருஷமாக அதில்தான் ஏறி இறங்குகிறேன். உங்கள்மேல் போட்ட வழக்குக்குப் படிவம் எடுக்க ஏறியதும் அதில்தான். அம்மாவிடம் உண்மையைச் சொல்லி வழக்கை வாபஸ் வாங்கிவிட்டேன். வாபஸ் வாங்கியது எண்ணிக்கையில் சேராது, மறுபடி முப்பத்தொன்பது. அமீனா பஸ்ஸுக்கு நிற்கிறார், கடிதத்தைத் திருப்பி எழுத நேரமில்லை. அவர் கையில் இருக்கும் தாளை இப்போது பிரியுங்கள். அது சம்மன் இல்லை, வெறும் வழக்குப் படிவம். பொய் வழக்குப் போட்டு உங்கள் மானத்தை வாங்கியவன்மேல் நீங்கள் போடவேண்டிய வழக்கு. பிரதிவாதி என்ற இடத்தில் என் பெயரை நானே எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். இந்தத் தடவை கூண்டில் ஏறினால் என் நாக்குக் குழறாது, அத்தான்.