கிணறு இருந்தால் மகசூல் குறையும்

வல்லக்கோட்டை,
மாசி மாதம், 1979

மணிமங்கலம் நரசிம்மன் அவர்கள் சமூகத்துக்கு, தங்களுக்குச் சம்பந்தி ஆகிவிட்டதாகப் நேற்று வரை நினைத்துக்கொண்டிருந்த பாண்டுரங்கன் எழுதிக்கொண்டது. இங்கே முருகன் புண்ணியத்தில் நான், என் மனைவி பெருந்தேவி, மாடு கன்று எல்லாரும் சுகம். அங்கே தாங்களும் வீட்டாரும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை என்று எழுதலாமோ கூடாதோ தெரியவில்லை, வெற்றிலை பாக்கு மாற்றிய கை வேறு மாதிரி எழுத மாட்டேன் என்கிறது.

தரகர் எல்லப்பன் நேற்று வந்து, "நர்சிம்மன் இந்த சம்பந்தம் வாணான்னு சொல்லிட்டாருபா. உன் நெலத்துல ஒண்ணியும் வெளையறதில்லைன்னு மெட்ராஸ் கம்பூட்டரே சொல்லிட்ச்சாமே" என்றார். சொல்லிவிட்டுக் காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் போனார். எங்கள் பெண் அம்சவல்லி அதைக் கேட்டதிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. பெற்ற மனம் பொறுக்கவில்லை ஐயா. ஆகையால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து ரகுபதி என்று ஒரு ஆராய்ச்சி மாணவர் வந்து எங்கள் ஊரில் தங்கினார். நல்ல பையன், எதைச் சொன்னாலும் நம்புவார். வேர்க்கடலை மகசூல் எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார். எருவை மட்டும் பார்த்தால் போதாதாம், தண்ணீரை மட்டும் பார்த்தாலும் போதாதாம். "குழம்பு நல்லா இருந்தா அது புளியாலயா உப்பாலயான்னு தனியா சொல்ல முடியாதுங்க. எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கிட்டு, எதுக்கு எவ்வளவு பங்குன்னு கணக்குப் போட்டுத்தான் பிரிக்கணும். இதுக்குப் பேரு பன்மாறிப் பகுப்பாய்வு" என்றார். பெயரைக் கேட்டதுமே ஊருக்கு மரியாதை வந்துவிட்டது. கிணற்றில் கயிறு விட்டு அளந்தார், எருக்குழியில் குச்சி விட்டு அளந்தார், மாட்டைச் சுற்றி வந்தார், மண்ணைப் பொட்டலம் கட்டினார். எல்லாவற்றையும் தானே அளந்தவர், மகசூலை மட்டும் எங்கள் வாயால் கேட்டார். அங்கேதான் வந்தது வினை.

தங்களுக்குத் தெரியாததா, விளைந்ததை விளைந்தபடி சொல்லிக் கண் பட விடுகிறவன் நம் பக்கத்தில் உண்டா? களத்தில் நெல் அளக்கும்போதே ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று எண்ணுகிற ஜனம் நாம். நான் வாயைத் திறப்பதற்குள் பெருந்தேவி கதவு மறைவிலிருந்து, "ஏக்கராவுக்கு அஞ்சு மூட்டை கண்டா ஜாஸ்தி, அதுலயும் பாதி பொக்கு" என்று சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு வரதராஜுலுவுக்கு என்னுடையதைவிடப் பெரிய கிணறு, ஆகையால் நாலு மூட்டை என்றார். இரண்டு கிணறும் பம்புசெட்டும் வைத்திருக்கிற இளங்கோவன், போட்ட விதைகூடத் திரும்பி வரவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோதண்டராமனுக்கோ கிணறு கிடையாது, மாடு கிடையாது, வானம் பார்த்த பூமி. ஆனால் கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறான். பெண் வைத்திருக்கிறவர்கள் காதில் விழட்டும் என்று, "எனுக்கு இன்னா கொறை, இருவது மூட்டைக்குக் கம்மியா எடுத்ததே இல்ல" என்றார். ரகுபதி தம்பி அத்தனையையும் எழுதிக்கொண்டார். படித்தவர் அல்லவா.

பிறகு அதையெல்லாம் அட்டை அட்டையாகத் துளை போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாராம். போன வாரம் வந்து கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு முடிவைச் சொன்னார். கிணறு, பம்புசெட்டு, மாடு, எரு நாலும் ஒரே கட்சியாம், அந்தக் கட்சி ஏற ஏற மகசூல் இறங்குகிறதாம். "நானும் முதல்ல நம்பலைங்க, மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இது தற்செயலா வர்றதுக்கு ஆயிரத்துல ஒரு வாய்ப்புகூட இல்ல" என்றார். வாஸ்தவம்தான். தற்செயல் அதில் துளியும் கிடையாது, நாங்கள் எல்லாரும் யோசித்துத்தான் சொன்னோம். இளங்கோவன் பயந்துபோய், "அப்ப கெணத்தை மூடிடணுமா தம்பி?" என்று கேட்டதற்கு, "அவசரம் இல்லைங்க, படிப்படியா மூடலாம்" என்று ஆறுதல் சொன்னார். இதை அவருடைய பேராசிரியர் டெல்லியில் வாசிக்கப் போகிறாராம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் எழுந்தேன். ஊர்க் கண் மொத்தமும் என் மேலேயே இருந்தது, மேல்துண்டை உதறிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். குறைந்த விளைச்சல்காரர்கள் என்று எங்கள் பெயர்களை வாசித்ததை எல்லப்பன் கேட்டுக்கொண்டுவந்து தங்களிடம் ஒப்பித்திருக்கிறார்.

ஆகவே தங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். என் நிலத்தில் ஏக்கருக்கு இருபத்திரண்டு மூட்டை. இதை எழுதும்போது பெருந்தேவி உப்பும் மிளகாயும் எடுத்துவந்து இந்தக் காகிதத்துக்கே சுற்றிப் போட்டாள். தாங்கள் புரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: அந்த ஆராய்ச்சியில் எவன் கடைசியோ அவன்தான் நிஜத்தில் முதல். எவன் முதலோ அவன் வீட்டில் பிள்ளைக்குப் பெண் தேடுகிறார்கள், வேறொன்றும் இல்லை. சந்தேகம் இருந்தால் குடும்பத்தோடு வந்து நேரில் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டர் பேச்சைக் கேட்டு என் பெண்ணைக் கண்கலங்க விடாதீர்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி, மாப்பிள்ளைக்கு இரண்டுக்கும் நடுவில் எது பொருத்தமோ அது. வல்லக்கோட்டை முருகன் இரண்டு வீட்டையும் ஒரு வீடாக்கி வைக்கட்டும்.

இப்படிக்கு,
பாண்டுரங்கன்

பின்குறிப்பு: உறையின் மேல் விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது ரகுபதி தம்பி விடைபெற வந்தார். விலாசத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, "மணிமங்கலம் நரசிம்மனா? போன வருஷம் அங்கயும் போயிருந்தேங்க. எங்க மொத்த ஆராய்ச்சியிலயே அதிக மகசூல் அவருதுதான், ஏக்கருக்கு முப்பது மூட்டை" என்றார். பெருந்தேவி என்னைப் பார்த்தாள், நான் பெருந்தேவியைப் பார்த்தேன். உள்ளேயிருந்து அம்சவல்லி சிரித்தது வாசல் வரை கேட்டது. ஆகையால் தாங்கள் சிரமப்பட்டு இங்கே வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாங்களே அங்கே வருகிறோம். தங்கள் கிணறு எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு ஆளை நிறுத்தி வையுங்கள், கிணறு இருந்தால்.