ஆதியிலிருந்து ஆரம்பிக்கும் கோதண்டபாணி

மனிதர்களில் 'ஆதியிலிருந்து ஆரம்பிப்பவர்' என்றொரு இனம் உண்டு. பஸ் எப்போது வரும் என்று கேட்டுப் பாருங்கள், சக்கரம் கண்டுபிடித்த கதையில் தொடங்குவார். பஸ் வந்து போய்விடும். கதை போகாது.

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் கோதண்டபாணி இந்த இனத்துக்கே தலைவர். தையல் குறையைத் தானே கண்டுபிடிக்கும் ஏஐ கேமரா வந்து இறங்கியபோது, செக்கிங் பகுதியில் யார் யாரை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள் என்று மேனேஜர் காலையிலேயே அவர் காதில் போட்டுவிட்டார். "நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றும் சொன்னார். முதல் பெயர் பாக்யலட்சுமி.

சாப்பாட்டு மணி அடித்ததும் அவளே வந்து நின்றாள். "சார், பக்கத்து கம்பெனில இன்னிக்கி மட்டும்தான் ஆள் எடுக்கிறாங்க. எனக்கு இங்க வேலை இருக்குமா, இருக்காதா? இப்பவே சொன்னீங்கன்னா ஓடிப் போய் பேர் குடுத்துட்டு வந்துடுவேன்."

'இருக்காதும்மா' என்றால் தீர்ந்தது. ஆனால் அழுவாளே! அழுதால் இவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? கோதண்டபாணி தொண்டையைச் செருமினார்.

"மொதல்ல ஏஐன்னா இன்னான்னு புரிஞ்சிக்கணும்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுல..."

இயந்திரம் யோசிக்குமா என்று இங்கிலாந்துக் கணித மேதை ஒருவர் கேட்டதையும், ஐம்பத்தாறில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் அறிஞர்கள் ஏஐ என்ற பேரிலேயே கூடியதையும், ஒரே கோடை விடுமுறையில் பெரிய முன்னேற்றம் கண்டுவிடலாம் என்று அவர்கள் நம்பியதையும், நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் கம்ப்யூட்டர் நிரல் ஒன்று அறுபதுகளில் பிறந்ததையும் அவர் விளக்கிக்கொண்டே போனார். அந்த நிரலுக்காவது எதிராளி வாயைத் திறக்க வேண்டும். நம்மவருக்கு அதுவும் வேண்டாம்.

"அதெல்லாம் சரி சார், என் வேலை?"

"அங்கதாம்மா வர்றேன்."

வரவில்லை. எழுபதுகளில் ஆராய்ச்சிக்குப் பணம் வற்றியதைச் சொல்லும்போது சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. அவள் சாப்பிடவும் இல்லை, பேர் கொடுக்கவும் இல்லை. இவ்வளவு விவரம் சொல்கிறவர் வேலை போகிறதென்றால் சொல்லியிருக்க மாட்டாரா என்று நம்பி, சாயந்தரம் மாதனூர் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை அவள் இடத்தில் கேமரா இருந்தது. பக்கத்து கம்பெனியில் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள்.

இதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சொன்ன வரலாற்றில் ஒரு வருடம்கூடத் தப்பில்லை.

கம்பெனி கேட்டுக்கு வெளியே பாக்யலட்சுமி அவரை மறித்தாள். "தெரிஞ்சும் ஏன் சார் அன்னிக்கே சொல்லல?"

"அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு புரிஞ்சிக்கணும்மா..." என்று ஆரம்பித்தார். அவள் நிற்கவில்லை.

என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் "ஆமாவா, இல்லையா?" என்று கேட்டாரே, நீங்கள் எந்த வருடத்திலிருந்து ஆரம்பித்தீர்கள்?