தாளம் வரும்வரை இறக்காதே

பிறருக்கு நன்மை செய்ய வேண்டும் என்ற வேட்கை பெரும்பாலும் ஒரு நல்ல தூக்கத்தில் தணிந்துவிடக்கூடியது. இருபத்திரண்டு வயதில் எனக்குத் தூக்கம் குறைவு. போதாததற்குச் சமூகவியலில் பட்டமும் பெற்றிருந்தேன். (உன்னை அந்த வருஷம் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும் என்று என் அண்ணன் இன்றும் சொல்வான். மறுக்க முடியவில்லை.)

எண்பதுகளின் நடுப்பகுதி. நாமகிரிப்பேட்டைக்கு அருகில் எங்கள் ஊர். ஊர் எல்லையில் இருந்த ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்த பன்னிரண்டு பெண்களுக்கு மாலைதோறும் எழுத்துச் சொல்லிக் கொடுத்து வந்தேன். அரைத்த மரவள்ளிக் கிழங்கிலிருந்து தொட்டியில் படியும் ஈரமாவைக் கூடையில் அள்ளி, படியேறி, காயவைக்கும் களத்துக்குச் சுமப்பது அவர்கள் வேலை. கூடையைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்றிவிட மட்டும் தொட்டியோரம் ஒருத்தி நிற்பாள். அவள் ராசம்மா. ஒரு கால் ஊனம், படியேற முடியாது. தூக்கிவிடும் அந்த வேலைதான் அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு. அந்த வேலையையே எடுத்துவிட முதலாளி யோசிக்கிறார் என்ற செய்தி கசிந்ததும், நிறுத்த வேண்டாம் என்று கோரி அந்தப் பெண்களின் பெயரில் நான் ஒரு மனு எழுதினேன்.

மனுவோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்த வாரம்தான், வெளிநாட்டுப் பெண்கள் வரிசையாக நின்று இசைக்கு ஏற்ப எடை தூக்கும் படம் ஒன்றை ஒரு வார இதழில் பார்த்தேன். 'உழைக்கும் பெண்ணின் வலிமை முதலில் அவளுக்கே உரியதாக வேண்டும்' என்று குறிப்பேட்டில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டேன். மறுநாளே யூரியாச் சாக்குகளில் மணல் நிரம்பியது. அண்ணனின் டேப் ரிக்கார்டர் வந்தது. மாரியம்மன் பண்டிகை மேளத்தைப் பதிவு செய்த கேசட்டும் கிடைத்தது.

"நாள் பூராச் சொமந்துட்டுத்தான் வாரோம். மறுக்காவும் சொமக்கோணுங்களா?" என்றாள் பாவாயி. கூட்டத்தில் மூத்தவள், வாய்க்குப் பயந்து மேஸ்திரியே ஒதுங்கிப் போவார்.

"அது சுமை. இது பயிற்சி," என்றேன்.

"மணலுக்கு அது தெரியுங்களா, டீச்சர்?"

ஆனாலும் வந்தார்கள். (எனக்காக என்று நினைத்தேன். மேளத்துக்காக.) என் வகுப்பில் ஒரே சட்டம்: மேளத்தில் அடி விழும்போது தூக்கு, அடுத்த அடி விழும்வரை இறக்காதே. தாளத்துக்குக் கால் மாற்றி ஆட முடியாத ராசம்மாவுக்கு டேப் ரிக்கார்டரை இயக்கும் பொறுப்பைக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் ஒவ்வொருத்தியும் மணல் சாக்கைத் தனியாகத் தலைக்கு மேல் உயர்த்தினாள்.

எதையும் விழாவாக்காமல் விட நம்மால் முடியாது. விழா என்றால் சிறப்பு விருந்தினர் வேண்டும். ஆலை முதலாளியையே அழைத்தால், சால்வையில் மனம் குளிர்ந்திருக்கும் வேளையில் இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த மனுவையும் கையில் கொடுத்துவிடலாம் என்று கணக்கிட்டேன். விளைவுகளை எடைபோட்டுச் செயல்படுகிறவள் என்ற நம்பிக்கை எனக்கு என்மேல் அப்போதே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை. பள்ளி மைதானத்தில் மின் இணைப்பு இல்லை; டார்ச் லைட்டிலிருந்து எடுத்த பழைய பேட்டரிக் கட்டைகளை டேப் ரிக்கார்டரில் போட்டிருந்தேன். முதல் சுற்று அற்புதம். இரண்டாம் சுற்றின் நடுவில், பதினோரு சாக்குகளும் தலைக்கு மேல் இருக்கும்போது, மேளம் இழுக்கத் தொடங்கியது. எருமை முனகுவது போல ஓர் ஒலி. அடுத்த அடி விழவில்லை.

யாரும் இறக்கவில்லை. நான்தானே அப்படிப் பழக்கியிருந்தேன்! கைகள் நடுங்கின, கழுத்து நரம்புகள் புடைத்தன.

"நிறுத்திரட்டுங்களா, டீச்சர்?" என்று ராசம்மா கிசுகிசுத்தாள். கூடாது என்று கையால் தடுத்தேன்.

"அடுத்த அடி இன்னைக்கு உழுகுங்களா, இல்லீன்னா அடுத்த பண்டிகைக்குத்தானுங்களா?" என்றாள் பாவாயி, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஊரே கைதட்டியது. முதலாளி எழுந்து நின்று தட்டினார். அடி ஒருவழியாக விழுந்து சாக்குகள் இறங்கியதும், பாவாயி மனுவை நீட்டினாள். அவர் அதை உரக்கப் படித்தார்.

"பெண்களாகிய எங்களால் ஈரமாவுக் கூடையைப் பிறர் உதவியின்றித் தலைக்கு ஏற்ற அறவே இயலாது என்பதைப் பணிவுடன்..."

அதற்குமேல் படிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங்க, டீச்சர். ஆனா இதை நம்பறதுங்களா, கண்ணுல பார்த்தத நம்பறதுங்களா? நீங்களே சொல்லுங்க."

மணல் சாக்கு வேறு, நீர் சொட்டும் கூடை வேறு என்று சொல்லியிருக்கலாம். மைதானத்தில் கால் வழுக்காது என்றாவது சொல்லியிருக்கலாம். 'அறவே' என்ற சொல்லை நான் ஏன் போட்டேன் என்று மட்டும் யோசித்துக்கொண்டு நின்றேன். போகும்போது அவர் கேசட்டைக் கேட்டார். கொடுத்தேன். (சிறப்பு விருந்தினர் கேட்டால் மறுப்பது மரியாதையா?)

அந்த வாரமே ராசம்மாவை நிறுத்தினார்கள். அவள் நின்ற இடத்தில் ஒரு டேப் ரிக்கார்டர் வந்தது. ஆலையில் மின்சாரம் உண்டு, தாளம் இழுக்கவில்லை. மூன்று முறை போய் மன்றாடினேன். மூன்று முறையும் முதலாளி காபி கொடுத்து உபசரித்தார். என் வகுப்புக்கு அதன்பின் ஒருவரும் வரவில்லை, எழுத்துக்கும் சேர்த்தே.

சில ஆண்டுகள் கழித்து ஒரு சந்தை நாளில், கீரை மூட்டையைத் தரையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண், "ஒரு கை தூக்கி உடு, சாமி," என்றாள். தூக்கிவிட்டேன். மூட்டை தலையில் அமர்ந்த பிறகுதான் இருவரும் முகம் பார்த்தோம். ராசம்மா.

"டீச்சருங்களா!" என்றாள். கோபம் இல்லை; அதுதான் தாங்கவில்லை. "நல்லாத்தான் தூக்கி உடறீங்க. அன்னைக்கே இந்த வேலைக்கு வந்திருக்கலாமுங்க."

சாய்ந்து சாய்ந்து நடந்து கூட்டத்தில் மறைந்தாள்.

வீட்டில் இந்தக் கதை இன்றும் ஓடுகிறது. நான் அரிசி மூட்டை அருகே குனிந்தால் போதும், "கேசட்டப் போடட்டுமா?" என்பார் என் கணவர். பேட்டரி தீர்ந்த மேளத்தை என் மகள் வாயாலேயே இழுத்துக் காட்டுவாள். அண்ணன் வந்திருந்தால் கைதட்டலும் சேரும். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் இன்னொரு கை வரும்வரை மூட்டையைத் தொடமாட்டேன்.