ஹுன்னஸ்கிரியப் பூட்டு

கண்டி மாவட்டம் முழுக்கத் தேடினாலும், தன் நிழல் தன்னுடையதுதானா என்று சரிபார்த்துவிட்டு நடக்கிற மனிதன் ஒருவன்தான் அகப்படுவான். அவன் பெயர் பூட்டு. பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது வரவுப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

நான் கெலிஓயாக்காரன். முஸ்லிம் என்பதால் லேபில் எல்லோருக்கும் நான் ‘நானா’, அதாவது அண்ணன். ஓ.எல் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு, கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மின் தொழில்நுட்ப லேபுக்குக் கதவு திறக்கிற வேலையில் சேர்ந்தேன். மிச்சப் படிப்பைக் கதவோரம் நின்று காதால் படித்தேன். பூட்டு வந்த பிறகு, படித்ததெல்லாம் சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவன் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அந்த லயத்து வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் பார்த்த முதல் ஆள். கண்டி பஸ்ஸில் ஏறுமுன் பெயர்ப்பலகையை வாசிப்பான், கொண்டக்டரைக் கேட்பான், பிறகு ட்ரைவரையும் கேட்பான்.

“ஏன் தம்பி, போர்ட்லதான் போட்டீக்குதே?” என்று நான் கேட்டால், “நானா, அந்த போர்டை மாட்டினவன் யாரு?” என்பான். கன்டீனில் ப்ளேன்டீ வந்தால் முதல் மிடறு பக்கத்தில் இருப்பவனுக்கு.

முதல் செய்முறை வகுப்பில், “கரண்ட நிப்பாட்டீட்டன், தொடுங்க” என்றேன். எல்லோரும் தொட்டார்கள். இவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“உங்களை நம்புறேன் நானா. ஆனா டெஸ்ட் பண்ணிக்கிறேன்.”

சட்டைப்பையிலிருந்து டெஸ்டர் வந்தது. மின்சாரம் இருக்கிற ப்ளக்கில் வைத்து, டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்தான். பிறகு நான் நிறுத்திய இடத்தில் வைத்தான். இதற்கிடையில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால்? மறுபடியும் முதல் ப்ளக்குக்குப் போனான். அதுதான் முறை என்று வகுப்பெடுத்த சேர் பாராட்டினார். அந்தப் பாராட்டையும் அவன் ஓரக்கண்ணால்தான் பார்த்தான்.

“ஸ்விட்ச் ஆஃப்னு சொல்றது ஸ்விட்சோட கருத்து நானா” என்பான். இப்படிப் பேசுகிறவனை எனக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

இறுதி வருடத்தில் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று அவனுடைய ப்ராஜெக்ட். வயர் இணைக்கும்போது யாராவது மின்சாரம் கொடுத்துவிட்டால்? லேபின் பிரதான ஸ்விட்சை நிறுத்தி, அதில் சிவப்புப் பூட்டு ஒன்றைப் போட்டான். இரண்டு சாவியும் அவன் கழுத்துக் கயிற்றில். போட்டவன்தான் திறக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் சட்டம். அவன் வாழ்க்கையில் டெஸ்ட் பண்ணாமல் நம்பியது அந்த ஒரு சட்டத்தைத்தான்.

பூட்டில் ஒரு அட்டை தொங்கியது. ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று மூன்று மொழியிலும் எழுதி, அவனே முறைக்கிற பாஸ்போர்ட் படமும் ஒட்டியிருந்தான். கூட்டாளிகள் அந்தப் படத்துக்கு மல்லிகை மாலை போட்டார்கள். “இந்த மாலை விழக்கூடாதுன்னுதான்டா பூட்டே போட்டேன்” என்று கழற்றி எறிந்தான்.

அதிகமாகச் சிரித்தவர் பராமரிப்புப் பகுதியின் சிங்களப் பெரியவர் பண்டா மாத்தயா. விரலால் தொட்டே மின்சாரம் பார்த்துத் தலை நரைத்த மனிதர். காதும் மந்தம்.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலை பாதியில் இருக்கிறது என்று பூட்டைப் போட்டபடியே விட்டு வீட்டுக்குப் போனான். ஞாயிறு ராத்திரி மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டது. திங்கள் காலை இரண்டாம் வருடத்துக்குச் செய்முறைப் பரீட்சை. வெளியிலிருந்து பரீட்சகர் வந்து உட்கார்ந்துவிட்டார். லேபில் மின்சாரம் இல்லை.

பிரிவுத் தலைவர் சேருக்கு முகம் சிவந்தது. “வெட்டுங்க அந்தப் பூட்டை. வெட்டிட்டு ஒரு கடிதம் டைப் பண்ணித் தாங்க. இனி அவர் இந்த லேபுக்குள்ள காலே வைக்கக் கூடாது.”

லேப் இல்லாவிட்டால் ப்ராஜெக்ட் இல்லை. ப்ராஜெக்ட் இல்லாவிட்டால் பட்டம் இல்லை. நாலு வருடப் படிப்பு என் கையிலிருந்த வெட்டுக் கத்தரியின் வாயில் இருந்தது. மனம் கேட்காமல் அவனுக்கு ஃபோன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

“நானா, ஸ்விட்ச் பெட்டிக்குப் பின்னால பாத்தீங்களா?”

“என்னத்தப் பாக்க? வேலை செய்யிற ஆள் நீ. நீ ஹுன்னஸ்கிரியவில ஈக்கிறாய்.”

“அப்பிடின்னு நான் சொல்றேன். நீங்க பாத்தீங்களா?”

“உன்ட குரல்தான் ஃபோன்ல கேக்குதே.”

“ஃபோன்ல எங்க இருந்தும் பேசலாம் நானா. போய்ப் பாத்துட்டு வெட்டுங்க.”

திட்டிக்கொண்டே ஸ்விட்ச் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு கால்கள் தெரிந்தன. பண்டா மாத்தயா. கருகிப்போன கேபிள் ஒன்றை மாற்றுவதற்குப் பின்கதவால் வந்து, இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொண்டு கிடந்தார். நாங்கள் போட்ட சத்தம் எதுவும் அவர் காதில் விழவில்லை.

காலைத் தட்டி வெளியே எடுத்து, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“எதுக்குச் சொல்ல? அந்தத் தம்பியோட பூட்டுத் தொங்குதே.”

கத்தரியைக் கீழே வைத்தேன். சேர் ஒரு கதிரையை இழுத்துப் பூட்டுக்கு முன்னால் போட்டு, தானே காவல் உட்கார்ந்துகொண்டார். பரீட்சை பிற்பகலுக்குத் தள்ளிப்போனது. கடிதத்தைப் பற்றி அதன்பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மண் சரிந்த இடத்தை நடந்து கடந்து, வேறு பஸ் பிடித்து, முழங்கால்வரை சேற்றோடு பகல் வந்து சேர்ந்தான் பூட்டு. நடந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டினான். பிறகு தானே சந்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பூட்டைத் திறந்தான். பண்டா மாத்தயா தன் கையாலேயே அவனுக்கு ப்ளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார். கோப்பையைக் கொஞ்சநேரம் பார்த்தவன், “நீங்க ஒரு வாய் குடிங்க மாத்தயா” என்றான்.

படிப்பு முடிந்து, நீர்மின் நிலையம் ஒன்றில் வேலை கிடைத்தது. போகிற அன்று லேபுக்கு வந்து, கழுத்துக் கயிற்றிலிருந்து ஒரு சாவியைக் கழற்றினான்.

“இது உங்ககிட்ட இருக்கட்டும் நானா.”

பூட்டை அவனே கொண்டுபோய்விட்டான். இப்போது அது எந்த மலையில், எந்த ஸ்விட்சில் தொங்குகிறதோ. சாவி என் பர்ஸில் இருக்கிறது. “அது அந்தப் பூட்டோட சாவிதான்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள்.

நான் டெஸ்ட் பண்ணிப் பார்க்கவில்லை.