மரியாதைக்கு ஓர் ஆட்டம்

"தல்லு," என்றார் குரியன்.

உக்கிரபாண்டி பந்தை விட்டு ஓரடி தள்ளி நின்றார்.

"தல்லு, தல்லு."

இன்னும் தள்ளினார். புது பூட்ஸ் கணுக்கால்வரை சேற்றில் இறங்கியது. மட்டை பந்துக்கு எட்டவில்லை. பின்னால் கிடுகிடு பள்ளம். தவறினால் அடிவாரத்துக் குரங்கணியில்தான் பொறுக்க வேண்டும், பந்தையும் ஆளையும்.

"இன்னும் எங்கிட்டுய்யா தள்ளுறது?" என்று பல்லைக் கடித்தார்.

"கோவப்படாத மாப்ளே. ரோட்ட நெனச்சுக்க," என்றான் கூட வந்த சின்னச்சாமி.

ரோட்டை நினைத்தால்தான் கோபமே வந்தது. உக்கிரபாண்டி புதிதாக வாங்கிய ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பு போக ஒரே வழி, குரியன் மேனேஜராக இருந்த எஸ்டேட் ரோடு. அதில் கேட்டைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள். திறக்காவிட்டால் இந்த வருசத்துக் காய் அத்தனையும் மலையிலேயே பூசணம் பூத்துப் போகும். பேச வேண்டும் என்று கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆட வரட்டும் என்று ஆள் விட்டிருந்தார் குரியன். வெள்ளைக்காரன் காலத்து மைதானம். பெரிய மனிதர்களுக்கே லேசில் இடம் கிடைக்காது என்றார்கள். உக்கிரபாண்டி சபாரி தைத்துக்கொண்டு வந்தார்.

குரியனுக்குத் தமிழ் வராது. மூணாறு டீக்கடையில் கொஞ்ச நாள் கிளாஸ் கழுவிய தெம்பில், மலையாளம் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்று சின்னச்சாமி கூடவே தொற்றிக்கொண்டான். மட்டைப் பை தூக்கிய வீரணன் மலைக்குக் கீழே தேவாரம் ஊர்க்காரன்தான், இரண்டு பாஷையும் தெரிந்தவன். ஆனால் ஆட்டம் முடியும்வரை பை தூக்குகிறவன் வாய் திறக்கக் கூடாது. அவ்வளவு அமைதி வேண்டிய விளையாட்டு. தன் இடுப்புச் சாவிக்கொத்து குலுங்குவதுகூட ஆகாது என்று குரியன் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தார்.

பந்தைத்தான் தள்ளச் சொல்கிறாரோ என்று சின்னச்சாமிக்கு அப்போதுதான் தோன்றியது. உக்கிரபாண்டி பூட்ஸ் காலால் ஒரு தள்ளு தள்ளினார். குரியன் தலையில் கைவைத்துக்கொண்டு, மறுபடியும், "தல்லு," என்றார்.

ஆத்திரம் தலைக்கேறியது. உக்கிரபாண்டி மண்வெட்டியை ஓங்குவதுபோல ஓங்கி ஒரே போடு போட்டார். புல்லோடு பெயர்ந்த மண்கட்டி குரியனின் வெள்ளைக் கால்சட்டையில் அப்பியது. பந்து பறந்து போய்க் கொடிக்கம்பின் அடியில் விழுந்தது.

மண்ணைத் தட்டிக்கொண்டே குரியன் சொன்னார்: "கொள்ளாம்."

"என்னாங்குறாரு?"

"கொல்லலாமாம் மாப்ளே," என்றான் சின்னச்சாமி, குரல் இறங்கி.

எங்க ஊர் ராசிங்காபுரத்துக்கு வந்து கொல்லச் சொல் பார்ப்போம் என்று உக்கிரபாண்டி வாய்க்குள்ளேயே கறுவினார். காய் கண்முன் வந்தது. விழுங்கிக்கொண்டு சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த குரியன் கைதட்டி, "கொள்ளாம், கொள்ளாம்," என்றார்.

கடைசிக் குழிக்கு வந்தார்கள். குரியன் உக்கிரபாண்டியைக் கைகாட்டி, "மதி, மதி," என்று வீரணனிடம் என்னவோ கடகடவென்று சொன்னார்.

"மதிக்கணுமாம். மரியாத பத்தலையாம்," என்றான் சின்னச்சாமி.

"மரியாதையா? காலையிலருந்து தள்ளு தள்ளுன்னு சேத்துல எறக்குவ, கொல்லுவேம்ப, ஒனக்கு மரியாத ஒரு கேடா? ஒன் ரோட்ட நீயே சுருட்டி வச்சுக்க."

உக்கிரபாண்டி வீரணனின் தோளிலிருந்த பையைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசினார். மட்டைகள் பாறையில் மோதி மோதிப் போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது. குரியன் வாய் பிளந்து நின்றார்.

வீரணன் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். ஆட்டம் முடிந்துவிட்டதா, இனி பேசலாமா என்று உக்கிரபாண்டியிடம் கேட்டுக்கொண்டான்.

"தல்லுன்னா அடி, கொள்ளாம்னா நல்லாருக்கு, மதின்னா போதும்ங்கய்யா. ஆடுனது போதும், கேட்டோட சாவிய எடுத்து இவருக்குக் குடுன்னாரு... அந்தப் பைக்குள்ளதான் கெடந்துச்சு."